கலை, மருத்துவம், வரலாறு: ஒரே நோட்டுப் புத்தகத்தில்

பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு துறை அமைந்துவிடும். ஒருவர் அரசியல், ஒருவர் சினிமா, ஒருவர் நீதிமன்றம் என்று ஆசிரியர் குழுவின் கூட்டத்தில் யார் எதை எழுதுவார் என்பது கேட்காமலே தெரிந்துவிடும். எனக்கு அமைந்தவை மூன்று. டிசம்பர் மாதக் கச்சேரிகளுக்குப் போக ஆள் போதாத ஓர் ஆண்டில் கலைப் பக்கம் என்னிடம் வந்தது. மருத்துவப் பக்கத்தைப் பார்த்துவந்த மூத்தவர் வேறு வேலைக்குப் போனபோது அதையும் என் மேசையில் வைத்தார்கள். வரலாற்றை மட்டும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இந்த மூன்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதி வருகிறேன்.

இவை மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காலையில் சிறுநீரகவியல் நிபுணரிடம் பேசிவிட்டு மாலையில் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் போவது எப்படி முடிகிறது என்று கேட்பார்கள். எழுதுகிறவனின் வேலை மூன்றிலும் ஒன்றுதான் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. ஒரு துறையை ஆழமாக அறிந்தவர் ஒன்றைச் சொல்கிறார். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை நான் புரிந்துகொள்ள வேண்டும். அதைச் சரிபார்க்க வாய்ப்பே இல்லாத வாசகரிடம் நான் புரிந்துகொண்ட அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் கொண்டுசேர்க்க வேண்டும். மருத்துவரிடம் கேட்கக் கற்ற கேள்வியைக் கல்வெட்டின் முன்னால் கேட்டிருக்கிறேன். கல்வெட்டின் முன்னால் பழகிய பொறுமை கலைஞர்களின் வீட்டுத் திண்ணையில் உதவியிருக்கிறது.

இதற்கு நான் எப்போதும் முதலில் சொல்லும் எடுத்துக்காட்டு திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் இருக்கும் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, கோயிலோடு சேர்ந்து நடந்த ஒரு கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலசாலையையும், அதாவது மருத்துவமனையையும், பற்றிச் சொல்கிறது. அங்கே ஒரு மருத்துவர் இருந்தார், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர் இருந்தார், மூலிகை கொண்டுவந்து மருந்து தயாரிக்க இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என ஒவ்வொருவருக்கும் உரிய கூலி நெல்லாகவும் காசாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. இரவில் அங்கே விளக்கு எரிவதற்கு எண்ணெய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு: வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம், புராண கிருதம் என்று அது நீள்கிறது.

இந்தக் கல்வெட்டைப் பற்றி எழுத முடிவெடுத்தபோது, அதன் அச்சிட்ட பாடம் எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பில் இருக்கும்போது நேரில் எதற்குப் போக வேண்டும் என்ற கேள்வி அலுவலகத்தில் எழுந்தது. படித்ததை வைத்தே எழுதியிருக்கலாம்தான். ஆனால் கல்வெட்டு ஆய்வாளர் ஒருவர் மைப்படி, அதாவது கல்லின் எழுத்தைத் தாளில் மையால் பதிந்த படி, எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, அச்சிட்ட பாடம் எத்தனை கைகளின் உழைப்பு என்பது தெரியும். முதலில் கல்லின் மேல் படிந்த சுண்ணாம்பையும் பாசியையும் தூரிகையால் தேய்த்துக் கழுவுகிறார்கள். நனைத்த தாளைச் சுவரோடு ஒட்டி, பன்றிமுடித் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்குகிறார்கள். தாள் ஓரளவு காய்ந்ததும் மை தோய்த்த ஒற்றியால் மெதுவாக ஒற்றும்போது, மேடான இடமெல்லாம் கறுத்து, எழுத்துகள் மட்டும் வெள்ளையாகத் தெளிந்து வருகின்றன. அவசரப்பட்டு ஒற்றினால் மை பள்ளத்துக்குள் இறங்கிவிடும், எழுத்து போய்விடும். தாளை உரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தபடி அந்த ஆய்வாளர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். புள்ளி இல்லாத எழுத்துகள், எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்ட இடங்கள், நடுவே கிரந்தம், சில இடங்களில் கல் உதிர்ந்த வெற்றிடம். அப்படிப்பட்ட வெற்றிடம் ஒன்றில் இரண்டு வாசிப்புகள் சாத்தியம் என்றார். எது சரி என்று கேட்டேன். இரண்டையும் எழுதுங்கள் என்று சொன்னார். அந்தப் பதிலுக்காகவே அவ்வளவு தூரம் போனது தகும் என்று நினைத்தேன்.

திருமுக்கூடலைப் பற்றிய என் கட்டுரையில் மருந்துப் பட்டியலைச் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களிடம் காட்டி, எவை இன்றும் தயாரிக்கப்படுகின்றன என்று கேட்டு எழுதினேன். ஒரு மருந்தின் பெயர் இன்றைய நூல்களில் இருக்கிறது என்பதால் அன்றைய செய்முறையும் இதுவே என்று சொல்லிவிட முடியாது என்று அவர்களில் ஒருவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை அப்படியே கட்டுரையில் சேர்த்தேன். ஆனால் தலைப்புக் கூட்டத்தில் ‘ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சூப்பர் ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை’ என்று ஒரு யோசனை வந்தது. நான் அதைக் கடுமையாக எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன். கோயிலைச் சார்ந்த மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மருத்துவம் பார்க்க ஒரு சமூகம் முறையாக நிதி ஒதுக்கி, ஆட்களை நியமித்து, நோயாளியின் அறையில் இரவு முழுவதும் விளக்கு எரிய வேண்டும் என்றுகூட யோசித்திருக்கிறது. இதைவிடப் பெரிய பெருமை வேறென்ன வேண்டும்? இல்லாததைச் சேர்த்துச் சொன்னால் இருப்பதன் மீதும் வாசகருக்கு நம்பிக்கை போய்விடும். நம் முன்னோர் எல்லாவற்றையும் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற வகைக் கட்டுரைகளுக்கு எப்போதும் வாசகர் உண்டு. அவற்றை எழுதுமாறு கேட்டவர்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் மறுத்திருக்கிறேன். மறுத்ததற்கான காரணத்தைக் கல்வெட்டின் பாடத்தைக் காட்டியே சொல்ல முடிந்தது என்பது எனக்கு மனநிறைவு தருகிறது.

மருத்துவப் பக்கத்தில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அங்கே ஒரு வாக்கியம் மிகையானால் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். புதிய மருந்து ஒன்று ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று செய்திக்குறிப்பு வரும். ஐம்பது சதவீதம் என்றதும் எவருக்கும் கண்கள் விரியும். ஆயிரம் பேரில் இருவருக்கு வந்த நோய் ஒருவருக்கு வந்தாலும் அது ஐம்பது சதவீதக் குறைவுதான். நானூறு பேருக்கு வந்தது இருநூறு பேருக்கு வந்தாலும் ஐம்பதுதான். இரண்டும் ஒன்றா? எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்பதை நான் ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டேன். அடுத்தது, சோதனை எலியிலா, மனிதரிலா, எத்தனை பேரில், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததா, ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார். இவற்றைக் கேட்டதும் சில பேட்டிகள் சட்டென்று முடிந்துவிடும். நல்ல மருத்துவர்களோ, நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி உண்டு. 1998இல் லான்செட் இதழில், 12 குழந்தைகளை மட்டும் வைத்து, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திப் பேசிய ஒரு கட்டுரை வந்தது. பல பத்திரிகைகள் அதைப் பெரிதாக்கின. தடுப்பூசி போடத் தயங்கிய பெற்றோர் பெருகினார்கள். அந்த ஆய்வில் நடந்த முறைகேடுகளைத் தோண்டியெடுத்ததும் ஒரு பத்திரிகையாளர்தான். பிரையன் டீர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எழுதினார். 2010இல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கேடு செய்ததிலும் அதைச் சரிசெய்ததிலும் எங்கள் தொழிலுக்குப் பங்கு உண்டு என்பதைப் புதிதாகச் சேரும் இளைஞர்களிடம் நான் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன்.

நல்ல ஆய்வு எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல, நம் சென்னையிலேயே ஒரு கதை இருக்கிறது. 1956இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அதுவரை காசநோய் என்றால் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வேண்டும், ஓய்வும் சத்துணவும் நல்ல காற்றும் வேண்டும் என்பதுதான் வழக்கம். ஆனால் நாட்டில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எட்டவே எட்டாதவை. ஐசோநயசிட், பி.ஏ.எஸ். என்ற மருந்துகளை ஓராண்டு வீட்டிலிருந்தே உட்கொண்டால் போதுமா என்று பார்க்க, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில். மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவோடு. 1959இல் முடிவுகள் வெளியாயின: வீட்டில் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்களுடைய வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதாகவும் தெரியவில்லை. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்ததற்கு இந்த ஆய்வு முக்கியமான காரணம். அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. மருத்துவ வரலாறு என்று ஒரு பக்கமே இல்லாத பத்திரிகையில், இதை மருத்துவத்தில் போடுவதா, வரலாற்றில் போடுவதா என்று ஒரு விவாதம் நடந்தது. எனக்கு அந்த விவாதத்தில் ஈடுபாடு இருக்கவில்லை. எட்டுப் பக்கம் வேண்டும் என்பதில் மட்டுமே பிடிவாதமாக இருந்தேன். ஆறு பக்கம் கிடைத்தது.

கலையைப் பற்றி எழுதுவது இவற்றினும் கடினம். மருத்துவத்தில் எண்கள் உண்டு, வரலாற்றில் ஆவணம் உண்டு. கச்சேரி முடிந்த பிறகு கையில் என்ன இருக்கிறது? ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் இசை விமர்சனம் எழுதிய கல்கி, சங்கீதம் தெரியாதவரையும் கச்சேரிக்கு இழுத்துவரும் நடை ஒன்றை உருவாக்கினார். அவருக்குப் பின்னால் வந்த எங்களில் பலர், ‘ரசிகர்களை மெய்மறக்கச் செய்தார்’, ‘அரங்கமே அதிர்ந்தது’ என்ற ஆயத்தச் சொற்களில் சிக்கிக்கொண்டோம். அதிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது, கலையின் பொருட்களையும் அதன் கைவேலையையும் பற்றி எழுதத் தொடங்கியதுதான்.

நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த சுருதி கொண்ட, குட்டையான திமிரி நாகஸ்வரம்தான் ஒரு காலத்தில் வழக்கத்தில் இருந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கன்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி நீண்ட பாரி நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். சுருதி தாழ்ந்தது, நாதம் தடித்தது, ராக ஆலாபனைக்கு அகலமான இடம் கிடைத்தது. அந்த ஊரில் இன்றும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டுகள் உத்தரமாக இருந்து காய்ந்த ஆச்சா மரத்தைத்தான் தேடி வாங்குகிறார்கள். புதுமரம் நாளடைவில் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும், சுருதி நிற்காது. பட்டறையில் உட்கார்ந்து, துளை குடைந்த மரத்தை ஆசாரி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடி உள்ளே பார்ப்பதைக் கவனித்த பிறகு, ‘தேன்மதுர நாதம்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த நாதம் எந்த மரத்திலிருந்து, எந்த அளவிலிருந்து, வாயில் வைத்து ஊதும் எந்தச் சீவாளியிலிருந்து வருகிறது என்று எழுதினால், அடுத்த முறை கோயில் வாசலில் கேட்கும் வாசகர் நின்று கேட்பார். 2022இல் நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஒரு நாள் செய்தியாக அது எல்லா இடத்திலும் வந்தது. மரம் எங்கே கிடைக்கும், அடுத்த தலைமுறையில் யார் செய்வார்கள் என்பது பற்றி எழுதத்தான் வார இதழ்களும் மாத இதழ்களும் இருக்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலும் எனக்கு இப்படித்தான் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. விமானத்தின் மேல் தளத்தில், கரணங்கள் எனப்படும் 108 நடன நிலைகளில் 81 மட்டும் செதுக்கப்பட்டு, மீதிக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. கீழே, கருவறையைச் சுற்றிய உள்ளறையில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்து வெளியிட்டார். அதன் பிறகு தொல்லியல் துறையினர் மேலே இருந்த நாயக்கர் ஓவியப் படலத்தைச் சிதையாமல் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் ஏற்றியதால் இரண்டு காலத்து ஓவியங்களும் பிழைத்தன. இதை எழுதும்போது, சோழர் ஓவியம் உயர்ந்தது, நாயக்கர் ஓவியம் அதை மூடிய குற்றவாளி என்ற தொனி வந்துவிடாமல் இருக்கக் கவனமாக இருந்தேன். பழையதை மட்டுமே போற்றும் பழக்கம் நமக்கு மிகுதி. நடுவில் வந்தவர்களின் உழைப்பும் உழைப்புதான்.

மூன்று துறைகளும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது எனக்குக் கிடைத்த கட்டுரைகளே நான் எழுதியவற்றில் சிறந்தவை என்று கருதுகிறேன். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில், இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்பேடுகள் உள்ளன. நோயாளியின் விவரத்தோடு, பாதிக்கப்பட்ட கண்ணை வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். புகைப்படக் கருவி வருவதற்கு முன்னால், ஓவியரின் கை மருத்துவத்துக்குச் செய்த வேலை அது. இமை சிவந்திருப்பதையும் கருவிழியின் மேல் வெண்மை படர்ந்திருப்பதையும் அவர் வரைந்திருக்கும் நிதானத்தைப் பார்க்கும்போது, அரண்மனைச் சுவருக்குத் தெய்வ உருவம் தீட்டிய மரபுக்கும் இந்தச் சிறு தாளுக்கும் இடையிலான தூரம் அதிகமில்லை என்று தோன்றுகிறது. கண் மருத்துவர் ஒருவரிடம் இந்தப் படங்களின் அச்சுப் பிரதியைக் காட்டினேன். தலைப்பைப் படிக்காமலே கண்புரை எது, சதை வளர்ச்சி எது என்று பிரித்துச் சொன்னார். ஓவியருக்கு அதைவிடப் பெரிய விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது.

இதே சந்திப்பில் இன்னொரு கட்டுரை, கலைஞர்களின் உடல்வலியைப் பற்றியது. மிருதங்க வித்வான்களின் விரல் மூட்டுகள், வயலின் வாசிப்பவர்களின் கழுத்து, பாடகர்களின் குரல்நாண் முடிச்சு, நடனமாடுபவர்களின் முழங்கால். எலும்பு மூட்டு மருத்துவர்களும் காது மூக்கு தொண்டை நிபுணர்களும் மனம்விட்டுப் பேசினார்கள். கலைஞர்களோ வாய் திறக்கவே தயங்கினார்கள். ஒரு மூத்த மிருதங்கக் கலைஞர், வலது கையின் விரல்களை மடக்கக்கூட முடியாத நிலையில், வெந்நீரில் கையை வைத்தபடியே என்னிடம் பேசினார். பேசி முடித்ததும், “எல்லாத்தையும் எழுதுங்க தம்பி, பேரை மட்டும் போட்டுடாதீங்க. கை போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க” என்றார். பெயர் மட்டுமல்லாமல், ஊரையும் குருவின் பெயரையும், அவரை அடையாளம் காட்டக்கூடிய ஒரு கச்சேரி விவரத்தையும் எடுத்துவிட்டேன். அதனால் கட்டுரையின் சுவை ஓரளவு குறைந்தது என்று ஆசிரியர் வருந்தினார். நோயாளியின் கதை நோயாளிக்கே சொந்தம். மருத்துவப் பக்கத்தில் கடைப்பிடிக்கும் இந்த விதியை, அவர் மேடைக் கலைஞர் என்பதற்காகக் கலைப் பக்கத்தில் தளர்த்த முடியாது.

ஒரே மனிதரின் வாழ்க்கையில் இந்த மூன்றும் சிக்கலாகப் பின்னிக் கிடப்பதை முத்துலட்சுமி ரெட்டியிடம் பார்த்தேன். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவராக இருந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகும் வரை அவர் தளரவில்லை. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1930இல் மசோதா கொண்டுவந்தார். 1947இல்தான் அது சட்டமாக நிறைவேறியது. மருத்துவ வாசகருக்கும் பெண்ணுரிமை வரலாற்றைப் படிப்பவருக்கும் அவர் ஐயமில்லாத நாயகி.

கலைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது படம் மாறுகிறது. பின்னால் பரதநாட்டியம் என்று பெயர்பெற்ற சதிராட்டத்தை வழிவழியாகக் காத்துவந்த குடும்பங்களின் பெண்களே அந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்து மனு கொடுத்திருக்கிறார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் செல்வத்தை எல்லாம் கொடுத்த பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தவர்களில் ஒருவர். அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ ஒழிப்புக்காக ஊர் ஊராகப் போராடினார். 1932இல் ஆட்டத்தைக் காக்க வேண்டும் என்று வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யரும், கூடாது என்று முத்துலட்சுமி ரெட்டியும் பத்திரிகைகளில் கடிதங்களாக மோதிக்கொண்டார்கள். 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார், அடுத்த ஆண்டு அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. ஆட்டம் பிழைத்தது. அதை ஆடிக்கொண்டிருந்த பல குடும்பங்கள் மேடையை இழந்தன. அந்த மரபில் வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலரே அந்தப் புயலைத் தாண்டி நின்றார்கள்.

இதைப் பற்றிய என் நீண்ட கட்டுரைக்காக, அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்த முதிய அம்மையார் ஒருவரைச் சந்தித்தேன். சட்டம் நல்லதா கெட்டதா என்று நான் கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. தன் அம்மாவுக்குத் தெரிந்த, அபிநயத்துக்கான பாடல்களான பதங்களில் தனக்கு எத்தனை நினைவிருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு தன் பேத்தி செவிலியராக வேலை பார்க்கிறாள் என்று பெருமையோடு சொன்னார். இரண்டையும் அதே வரிசையில் கட்டுரையில் வைத்தேன். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லி முடிக்குமாறு கேட்டார்கள். என் கருத்து இருந்தது, அதை மறைக்கவும் இல்லை: அந்த வழக்கம் ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சி, அந்தக் கலைஞர்கள் அவமதிக்கப்பட்டதில் வருத்தம். ஆனால் அந்த அம்மையாரின் பேச்சை என் கருத்துக்குச் சாட்சியாக வளைக்க எனக்கு உரிமை இல்லை.

இவ்வளவையும் செய்ய முடிந்ததற்கு என் திறமையைவிட வார, மாத இதழ் என்ற அமைப்பே பெரிய காரணம். நாளிதழ் நண்பர்களுக்கு மாலைக்குள் முடித்தாக வேண்டும். எங்களுக்கோ, இன்னும் ஒருவரைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று சொல்லும் அளவுக்கு நாட்கள் கிடைத்தன. மேட்டர் கொடுத்த பிறகு உதவி ஆசிரியர் ஒருவர் வரிவரியாகப் படிப்பார். பிழை திருத்துநர் ஆண்டையும் பெயரையும் தனியே சரிபார்ப்பார். லே-அவுட்டில் இடம் போதாமல் இருபது வரி வெட்டச் சொல்வார்கள். எந்த இருபது வரி என்பதை முடிவு செய்யும் அந்த அரை மணி நேரத்தில்தான் கட்டுரை எதைப் பற்றியது என்பது எனக்கே பலமுறை தெளிந்திருக்கிறது. முதலில் போவது அழகான முன்னுரை. கடைசிவரை காப்பாற்றப் போராடுவது, யாரோ ஒருவர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விவரம். நான் பணியாற்றிய இதழ்களில் ஒன்றில் விளம்பரம் சார்ந்த வற்புறுத்தலால் ஒரு மருத்துவக் கட்டுரை அச்சுக்குப் போகாமல் நின்றதும் உண்டு. அதற்காகத் தேடிச் சேர்த்த தகவல்களைப் பின்னால் வேறு கட்டுரைகளில், பொதுநலன் கருதி, பகுதி பகுதியாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

அந்த அமைப்பு இப்போது வேகமாகச் சுருங்கி வருகிறது. 1941இல் தொடங்கிய கல்கி இதழ் 2020இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. இணையத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இடத்துக்காக இருபது வரி வெட்ட வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை, கல்வெட்டின் மைப்படியை முழு அளவில் காட்டலாம், ராகத்தைக் கேட்கவே வைக்கலாம். எனக்கு வருத்தமெல்லாம் அந்தப் பிழை திருத்துநரின் நாற்காலி காலியாகிவிட்டதில்தான். எழுதியவரைத் தவிர வேறு யாரும் படிக்காமலே ஒரு மருத்துவக் குறிப்பு பல்லாயிரம் பேரின் கைபேசிக்குப் போய்ச்சேர்கிறது. இந்த வலைப்பதிவில் நான் இடும் மருத்துவப் பதிவுகளை, வெளியிடுவதற்கு முன்னால், அந்தத் துறையைச் சேர்ந்த ஒருவரும் துறைசாராத ஒருவரும் படித்துவிட வேண்டும் என்பதை நானே ஏற்படுத்திக்கொண்ட நடைமுறையாக வைத்திருக்கிறேன்.

இப்போது கையில் இருக்கும் வேலை, சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வின் மறுபக்கம். மருந்தும் முடிவும் ஆய்வுக் கட்டுரைகளில் விரிவாக இருக்கின்றன. ஓராண்டு முழுவதும் வீடு வீடாகப் போய், மாத்திரை உண்மையிலேயே உட்கொள்ளப்பட்டதா என்று பார்த்து, நெருக்கடியான தெருக்களில் நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்த களப் பணியாளர்களின் பக்கத்தை எழுத நினைக்கிறேன். அவர்களில் யாருடைய குடும்பத்தினராவது அந்தக் காலத்துக் குறிப்பேட்டையோ புகைப்படத்தையோ வைத்திருந்தால், பெயரை வெளியிடுவதா இல்லையா என்பதை அவர்களே முடிவு செய்யலாம் என்ற உறுதியோடு கேட்கிறேன்: எனக்கு எழுதுங்கள்.